சிவப்பு விளக்கு எதைக் காக்கிறது? ஏற்காட்டில் விண்மீன் பார்ப்போருக்கு

விண்மீன் பார்க்க ஏற்காடு மலையேறுகிறவர்களின் பையில் இப்போதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு தவறாமல் இருக்கிறது. நெற்றியில் மாட்டும் ஹெட்லேம்ப்களில் சிவப்புக்கென்றே தனிப் பொத்தான் வந்துவிட்டது. அது இல்லாதவர்கள் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கை பாதிதான் உண்மை. விளக்கு சிவப்பாக இருந்தால் போதும், எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் கண்ணின் இருட்டுப் பழக்கம், அதாவது இருட்டில் இருந்து இருந்து கண் பெறும் உணர்திறன், கெடாது என்று நினைக்கிறார்கள். கெடும். சிவப்பு என்பது ஒரு பாதி. மங்கல் என்பது மறுபாதி. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் மங்கலைத்தான் கேட்பேன்.

ஏன் என்பதற்கு விடை விழித்திரையில் இருக்கிறது. அங்கே ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. கூம்பு செல்கள் சுமார் அறுபது லட்சம்; பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்ப்பவை அவை. குச்சி செல்கள் ஒன்பது கோடிக்கும் மேல். அவற்றுக்கு நிறம் தெரியாது, எழுத்தைப் படிக்கும் கூர்மையும் கிடையாது, ஆனால் மிகச் சொற்பமான ஒளியையும் விடாமல் பிடிக்கும். பால்வீதியின் மங்கிய பட்டையையும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் புகைபோன்ற திட்டையும் நமக்குக் காட்டுவது குச்சிகளே. நெபுலா படங்களில் இளஞ்சிவப்பாகவும் நேரில் சாம்பலாகவும் தெரிவதற்குக் காரணமும் இதுதான்.

குச்சி செல்லுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. 1876-இல் ஃபிரான்ஸ் போல் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர், இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரை செந்நிறமாக இருப்பதையும் வெளிச்சம் பட்டதும் அது வெளுத்துப்போவதையும் கண்டார். அந்தச் செந்நிறம்தான் ரோடாப்சின். வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினல் என்ற மூலக்கூறு அதற்குள் வளைந்து பொருந்தியிருக்கிறது. ஒளி பட்டவுடன் அது நிமிர்கிறது. அந்த அசைவே பார்வையின் முதல் படி. நிமிர்ந்த மூலக்கூறு நிறமியைவிட்டு விலகி, விழித்திரைக்குப் பின்னால் உள்ள செல் அடுக்குக்குப் போய், மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பி வர வேண்டும். நாம் இருட்டில் காத்திருக்கும் நேரம் என்பது பெரும்பாலும் இந்தப் போக்குவரத்துக்கான நேரம்தான்.

பளிச்சென்ற அறையிலிருந்து இருட்டுக்கு வந்தால் முதலில் கண்மணி விரிகிறது. இது சில நொடிகளில் முடிந்துவிடும், லாபமும் குறைவு. இரண்டு மில்லிமீட்டர் அகலத்திலிருந்து ஏழு மில்லிமீட்டருக்கு விரிந்தால் உள்ளே போகும் ஒளி பன்னிரண்டு மடங்கு கூடும், அவ்வளவுதான். வயது ஏற ஏறக் கண்மணி அந்த ஏழு மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை. பிறகு கூம்புகள் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் தம்மால் முடிந்த அளவுக்குப் பழகி நின்றுவிடுகின்றன. அதற்குப் பின்தான் குச்சிகளின் ஆட்டம் தொடங்குகிறது. முப்பது நாற்பது நிமிடங்கள் வரை உணர்திறன் ஏறிக்கொண்டே போய், தொடங்கிய நிலையைப் போலப் பல்லாயிரம் மடங்குக்கு மேல் வந்து நிற்கிறது. காரை நிறுத்தி இறங்கியதும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்கிறவர் கூம்புகளால் மட்டுமே பார்த்தவர். அவர் அரை மணி நேரம் பொறுத்திருந்தால் அதே வானம் வேறாகத் தெரிந்திருக்கும்.

இப்போது சிவப்புக்கு வருவோம். குச்சி செல்கள் மிக நன்றாக உணரும் ஒளி, 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை. அங்கிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போக அவற்றின் உணர்திறன் செங்குத்தாகச் சரிகிறது. 620 நானோமீட்டர் ஆரஞ்சுச் சிவப்பில் உச்சத்தின் நூற்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. 640-இல் சுமார் அறுநூற்றெழுபதில் ஒரு பங்கு. 660 நானோமீட்டர் அடர்சிவப்பில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கூம்புகள் இவ்வளவு வேகமாகச் சரிவதில்லை; 640-இல்கூடத் தம் உச்சத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கையில் வைத்திருக்கின்றன. ஆகவே அடர்சிவப்பு விளக்கில் கூம்புகளைக் கொண்டு வரைபடத்தைப் படிக்கலாம். குச்சிகளின் ரோடாப்சினில் பெரும்பகுதி வெளுக்காமல் தப்பிக்கும்.

மாலை மங்கும்போது ஏற்காட்டுத் தோட்டங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காப்பிச் செடியில் பழுத்துத் தொங்கும் பழங்கள் பகலில் இலைகளைவிட எடுப்பாக இருக்கும். பொழுது சாய்ந்து அரை இருட்டு வந்ததும் பழங்கள் கறுத்து மறைந்துவிடும். இலைகள் மட்டும் வெளிறிய சாம்பலாகத் தெரிந்துகொண்டிருக்கும். பார்வை கூம்புகளிலிருந்து குச்சிகளுக்குக் கைமாறும் நேரம் அது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு அறிஞர் யான் புர்கின்யே இந்த மாற்றத்தைக் கவனித்து எழுதினார்; இன்றும் அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது.

இந்த அறிவை முதலில் வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் வானியலாளர்கள் அல்ல, எக்ஸ்-கதிர் மருத்துவர்கள். அந்தக் காலத்தில் ஒளிர்திரையில் தெரியும் மங்கலான உருவத்தைப் பார்க்க மருத்துவர் நெடுநேரம் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டியிருந்தது. 1916-இல் வில்ஹெல்ம் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் சிவப்புக் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடியைப் பரிந்துரைத்தார். அதை அணிந்துகொண்டு வெளிச்சத்தில் நடமாடலாம், எழுதலாம்; குச்சிகள் அதற்குள் பாதி வழி பழகிவிடும். இரண்டாம் உலகப்போரில் இரவுப் பணிக்குக் காத்திருந்த விமானிகள் இதே போன்ற கண்ணாடியை அணிந்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆனால் மேலே சொன்ன எண்களை இன்னொரு முறை பாருங்கள். அறுநூற்றெழுபதில் ஒன்று என்பது சுழியம் அல்ல. குச்சிகள் சிவப்புக்கு முழுக் குருடு இல்லை. மிக மந்தம், அவ்வளவே. விளக்கைப் பல மடங்கு பிரகாசமாக்கினால் அந்த மந்தத்தை நாமே ஈடுகட்டிவிடுகிறோம். கடையில் விற்கும் ஹெட்லேம்ப்களின் சிவப்பு பெரும்பாலும் 620-ஐ ஒட்டிய சிவப்பு. அதையும் வழிநடக்கப் போதுமான பிரகாசத்தில் வைத்திருக்கிறார்கள். நெற்றியில் மாட்டியிருப்பவர் பேசும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். அந்த ஒளி நேரே அவர் கண்ணுக்குள் பாயும். ஹெட்லேம்ப் என்ற பொருளே விண்மீன் பார்க்கும் கூட்டத்துக்கு ஒவ்வாதது என்பது என் எண்ணம். கழுத்தில் தொங்கவிட்டு நிலத்தைப் பார்த்தபடி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். பிரகாசத்தைக் குறைக்க வழியில்லாத விளக்கென்றால், முகப்பில் மருந்துக்கடை பிளாஸ்திரியை ஓரடுக்கு ஒட்டலாம். வரைபடத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து, சற்றே சிரமப்பட்டுப் படிக்க முடிகிற அளவு போதும். வசதியாகப் படிக்க முடிகிறது என்றால் வெளிச்சம் அதிகம் என்று பொருள்.

கண்ணாடித் தாள் சுற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெள்ளை எல்இடி என்பது 450 நானோமீட்டரை ஒட்டிய ஒரு நீல எல்இடியின் மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசியது. நீலத்தில் அது வலுவானது, அடர்சிவப்பில் ஏழை. அந்த நீலத்தைக் குச்சி செல்கள் தம் உச்சத்தில் ஏறக்குறைய பாதித் திறனோடு உணர்கின்றன. ஓரடுக்குத் தாளைத் தாண்டி இந்த நீலமும் பச்சையும் கொஞ்சம் கசிந்தாலே சிவப்பினால் வந்த பயன் போய்விடும். கசிகிறதா என்று பார்க்க ஒரு பழைய சிடி போதும். இருட்டறையில் அதன் பளபளப்பான பக்கத்தில் விளக்கின் ஒளியைப் பட வைத்துச் சாய்த்துப் பாருங்கள். வானவில் பட்டையில் சிவப்பு மட்டும் தெரிந்தால் சரி. பச்சையோ நீலமோ எட்டிப்பார்த்தால் இன்னும் இரண்டு அடுக்கு சுற்றுங்கள். சிவப்பு எல்இடி பொருத்திய மலிவான விளக்கே இதைவிட நல்லது. அது பிறக்கும்போதே சிவப்பு.

கைபேசிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி. ஆண்ட்ராய்டில் உள்ள இரவு வெளிச்ச வசதி திரையைச் சற்று மஞ்சளாக்குவதோடு சரி. அது தூக்கத்துக்காக வந்தது, வானத்துக்காக அல்ல. ஐபோனில் அணுகல்வசதிப் பகுதிக்குள் போனால் திரை முழுவதற்கும் சிவப்பு நிற வடிகட்டி போடலாம். ஸ்டெல்லேரியம் போன்ற வானியல் செயலிகளில் சிவப்பு இரவு முறை உண்டு. ஆனால் செயலி மட்டும்தான் சிவக்கும். நடுவில் யாராவது அழைத்தால் வெள்ளைத் திரை முகத்தில் அறையும். எல்சிடி திரைகளில் கறுப்புப் பகுதியும் பின்விளக்கால் லேசாக ஒளிரும். ஓஎல்இடி திரைகளில் அந்தச் சிக்கல் இல்லை. எதுவானாலும் விமானப் பயன்முறையில் போட்டு, பிரகாசத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவது நல்லது. அச்சிட்ட வரைபடம் இன்னும் நல்லது.

ஒரே நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அரை மணி நேரத் தவம் வீண் என்று அடிக்கடி சொல்கிறார்கள். அது மிகை. எவ்வளவு நிறமி வெளுத்தது என்பதைப் பொறுத்துத்தான் மீளும் நேரம் அமையும். மங்கிய கைபேசித் திரையை ஒரு கணம் பார்த்தவருக்குச் சில நிமிடங்களில் பார்வை திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும் காரின் ஹை பீமை நேரே வாங்கியவர் நெடுநேரம் காத்திருக்கத்தான் வேண்டும். இதற்கும் ஓர் எளிய தற்காப்பு உண்டு. இருட்டுப் பழக்கம் பெரும்பாலும் அந்தந்தக் கண்ணின் விழித்திரையிலேயே நடக்கிறது. வண்டி வருவது தெரிந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கண்ணின் சேமிப்பு அப்படியே இருக்கும். தொலைநோக்கியில் எந்தக் கண்ணை வைப்பீர்களோ அதை மூடுங்கள்.

கூடாரம் போட்டுத் தங்கும்போது தொல்லை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. உள்ளே வெள்ளை விளக்கைப் போட்டுப் போர்வை தேடினால் கூடாரத் துணி முழுவதும் ஒளிர்ந்து சுற்றியுள்ளவர்கள் அத்தனை பேரையும் கெடுக்கும். காரின் கதவைத் திறந்தால் உள்விளக்கு. டிக்கியைத் திறந்தால் அங்கே ஒன்று. சாவியை அழுத்தினால் நான்கு மூலையிலும் பளிச். உள்விளக்குகளை மாலையிலேயே அணைத்துவைத்து, வேண்டியதை எல்லாம் இருட்டும் முன்னே வெளியே எடுத்துவிட வேண்டும். பாதியில் கிளம்புகிறவர் வண்டியை ஓரமாக, முகம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்தினால் பின்னெடுக்கும் விளக்கு எரியாது. கிளம்பும் முன், "அண்ணா, வண்டியை எடுக்கப் போகிறேன், கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்று ஒரு குரல் கொடுப்பது எந்த விளக்கைவிடவும் பயனுள்ளது.

கேம்ப் ஃபயர் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலையில் தங்கும் விடுதிகள் விண்மீனையும் நெருப்பையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து விற்கின்றன. இரண்டும் சேராது. விறகு நெருப்பின் ஒளி செம்மஞ்சளாக இருப்பதால் அது சிவப்பு விளக்குக்குச் சமம் என்று சிலர் வாதிடுவதுண்டு. அதில் மஞ்சளும் பச்சையும் தாராளமாகக் கலந்திருக்கிறது, பிரகாசமோ சொல்ல வேண்டியதில்லை. குளிர் காய வேண்டுமென்றால் எட்டு மணிக்குக் காய்ந்து, தணலை முழுவதுமாக அணைத்துவிட்டுப் பிறகு வானத்துக்கு வாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏற்காட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கும் மேல். சேலமோ 280 மீட்டர் அளவில் மலையடியிலேயே கிடக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்ததால் நகரம் எங்கோ போய்விட்டது போலத் தோன்றும். நேர்கோட்டில் அளந்தால் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்றால் சேலத்தின் விளக்குகள் காலடியில் விரிந்து கிடக்கும். அழகுதான், பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே நின்று விண்மீன் பார்க்க முயல்வது வீண். கையில் எவ்வளவு அடர்சிவப்பு விளக்கு இருந்தாலும், கண்ணெதிரே ஒரு நகரமே வெள்ளை எல்இடியில் எரிகிறது. சோடியம் விளக்குகள் இருந்த காலத்தைவிட இன்றைய வெள்ளைத் தெருவிளக்குகளில் நீலம் அதிகம். நீலம் காற்றில் அதிகமாகச் சிதறும். குச்சிகளையும் அதிகமாகத் தாக்கும்.

ஆகவே இடம் தேடும்போது முதல் கேள்வி, சேலம் நேரே தெரிகிறதா என்பதுதான். நகரத்துக்கும் உங்களுக்கும் நடுவே மலையின் முதுகு ஒன்று நிற்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் சரியும் தோட்டங்களில் அப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கும். ஆனால் காப்பித் தோட்டமென்றால் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் வானத்தைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். பழம் உலர்த்தும் களம் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கூடாரம் போட முடியாது. தோட்டக்காரரின் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் தங்குவதே வழி.

காட்டெருமை இங்கே தோட்டங்களுக்குள்ளேயே நடமாடும். பாம்பும் தேளும் இருக்கும். இதனால்தான், கழிப்பறைக்கோ வண்டிக்கோ நடக்கும்போது சிவப்பு விளக்கை நம்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். மங்கிய சிவப்பில் செம்மண்ணும் சருகும் அதன்மேல் கிடப்பதும் ஒரே நிறமாகிவிடும். வெள்ளை டார்ச்சை எடுங்கள். மற்றவர்களை எச்சரித்துவிட்டு, காலடியை மட்டும் பார்த்துப் பிடியுங்கள். வானம் நாளைக்கும் இருக்கும். அதேபோல மருந்து எடுப்பதாக இருந்தாலும் வெள்ளை விளக்குதான்: அட்டையில் சிவப்பு மையில் அச்சிட்ட எழுத்து சிவப்பு ஒளியில் காகிதத்தோடு கலந்து காணாமல் போகும். வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதே கதிதான்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு சங்கடம். சிவப்பு ஒளி கண்ணுக்குள் மற்ற நிறங்களைவிடச் சற்றுப் பின்னால் குவிகிறது. கிட்டப் படிக்கவே கண்ணாடி தேவைப்படும் கண்ணுக்கு இது கூடுதல் சுமை. எழுத்து கலங்கித் தெரிய, விளக்கைக் கூட்டுவார்கள், கூட்டியதும் கெட்டது. அப்படிப்பட்டவர்கள் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளலாம், அல்லது மிக மிக மங்கலான மஞ்சள் விளக்கை வைத்துக்கொள்ளலாம். பளிச்சென்ற சிவப்பைவிட அந்த மஞ்சள் குறைவாகவே கெடுக்கும்.

பகலில் செய்ய வேண்டியதும் உண்டு. நாள் முழுவதும் கடும் வெயிலில் அலைந்த கண் அன்றிரவு மெதுவாகவே பழகும். சேலத்து வெயிலில் சுற்றிவிட்டு மாலையில் மலையேறுவதாக இருந்தால் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் வேண்டும். புகை பிடித்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து இரவுப் பார்வையும் குறையும். விமானிகளுக்கு இதைப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள், ஏறக்குறைய 5,000 அடியிலிருந்தே உயரமும் இரவுப் பார்வையைப் பாதிக்கத் தொடங்கும் என்பதையும் சேர்த்து. ஏற்காட்டின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. வைட்டமின் ஏ குறைந்தவர்களுக்கு மாலைக்கண் வரும் என்பது தெரிந்ததே. அதற்காக, குறை எதுவும் இல்லாதவர் சேலத்து மாம்பழத்தைக் கூடை கூடையாகத் தின்றாலும் ஆண்ட்ரோமீடா என்ற தொலைதூர விண்மீன் திரள் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. ருசிக்காகத் தின்னலாம்.

கண் பழகிவிட்டதா என்பதைச் சோதிக்கக் கார்த்திகைக் கூட்டமே போதும். மார்கழி, தை மாத முன்னிரவில் அது தலைக்கு மேலே இருக்கும். இறங்கியவுடன் எத்தனை தெரிகிறது என்று எண்ணுங்கள். நாற்பது நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். ஆறு தெரிந்தால் கண் தயார். அதற்குமேல் தெரிய வேண்டுமென்றால் நேரே பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். பார்வையின் நடுப்புள்ளியில் குச்சி செல்களே கிடையாது. நடுவிலிருந்து பதினைந்து இருபது பாகை தள்ளித்தான் அவை மிக நெருக்கமாக இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் மறைந்து, கண்ணை விலக்கினால் திரும்பி வரும் மங்கிய திட்டு இதனால்தான்.

தென்வானம் மட்டும் இங்கே தனிக் கணக்கு. ஏற்காடு ஏறக்குறைய 11.8 பாகை வட அட்சத்தில் இருப்பதால் வடநாட்டாருக்குத் தாழ்வாகவே தெரியும் பலவற்றை நாம் உயரத்தில் காணலாம். அகத்தியர் விண்மீன் 25 பாகை உயரம் வரை எழும். தென்சிலுவை 18 பாகை வரை. ஒமேகா செண்டாரி என்ற, விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கோளக் கொத்து 30 பாகை வரை. சேலமோ ஏற்காட்டுக்குத் தெற்கே, சற்று மேற்காகச் சாய்ந்து இருக்கிறது. அதாவது நகரத்தின் ஒளிப்புகை எழும் திசையும் இவை உச்சம் தொடும் திசையும் கிட்டத்தட்ட ஒன்று. அகத்தியர் பிரகாசமானவர், எதையும் மீறித் தெரிவார். தென்சிலுவையும் தெரியும், களை இழந்து. ஒமேகா செண்டாரிதான் பாடாய்ப் படுத்தும். ஏப்ரல் நடுவில் அது உச்சம் தொடுவது நள்ளிரவை ஒட்டி. மார்ச் நடுவில் விடியற்காலை இரண்டு மணி அளவில். இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்: அந்த நேரத்தில் கடைகளும் விளம்பரப் பலகைகளும் பெரும்பாலும் அணைந்திருக்கும், மலைச்சாலையில் வண்டிகள் குறைந்திருக்கும். தூங்கி எழுந்து வருகிற கண் ஏற்கெனவே இருட்டுக்குப் பழகியும் இருக்கும், எழுந்தவுடன் மணி பார்க்கக் கைபேசியைத் தொடாமல் இருந்தால்.